அடி

இரவு வேலை முடிந்து சீனக்குடாவிலிருந்து
சைக்கிளில் உப்புவெளிக்கு வந்து சேரும்போது
இமை மயிரில் இன்னும் மாவு இருக்கும்.
முகம் கழுவுவதில்லை.
முதலில் அடி.

லியோங் ஈப்போக்காரன், என்னைவிட ஆறு வயது இளையவன்.
கப்பலிலிருந்து கோதுமை உறிஞ்சும் குழாய் பழுதானபோது
திருத்த வந்து நாற்பத்தொரு நாள் நின்றான்.
அவன் ஊர்ச் சந்தையில் பொறுக்கிய தமிழில்
எண்கள் இருந்தன, காய்கறி இருந்தது,
இரண்டு கெட்ட வார்த்தையும் இருந்தது.
மொத்தம் ஐந்து அடி என்றான்.
ஒன்றைச் சொல்லித்தந்தான்.
பிறகு குழாய் சரியாகிவிட்டது.

பி சுவான். பிளக்கிற கை.
தொப்புளிலிருந்து நெஞ்செலும்பு வழியே
வாய்வரை ஒரு முட்டி ஏறும்,
எதையோ துப்பக் கொடுப்பதுபோல.
மற்றது அதன் முதுகில் ஏறி, கவிழ்ந்து, விரிந்து,
விறகில் கோடாலி இறங்குவதுபோல முன்னே இறங்கும்.
"இல்ல," என்பான் லியோங்.
"கோடாலி விழுது. நீ இறக்குற."

முன்கால் மண் தொடும் நொடியில்
கையும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.
அடியும் அடியும் ஒன்றாக.
காலுக்கும் குத்துக்கும் எங்களிடம் ஒரே சொல் என்பதை
கடைசிவரை அவனுக்கு விளங்கவைக்க முடியவில்லை.
சொல்லில் ஒன்றாய்க் கிடப்பது
என் உடம்பில் ஏழு வருடமாய் இரண்டு.
டப். டப்.
கால் முதலில்.
கை, சம்பளம் மாதிரி, பிறகு.

அவர்கள் கணக்கில் இந்த அடி உலோகம்,
நுரையீரலுக்கு உரியது,
துக்கம் தங்குவதும் அங்கேதானாம்.
எனக்கு மாவுதான் தங்கியிருக்கு என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.
போன மாசி மாதம் பெரியாஸ்பத்திரியில் ஊதச் சொன்னார்கள்.
முள் பாதி வழியில் நின்று
என்னைப் பார்த்தது.

தெற்கே முகம் வைத்து அடித்துக்கொண்டே போவேன்.
கோணேசர் மலை ஒரு முழமும் கிட்ட வராது.
முன்னே போகத்தான் எனக்குத் தெரியும்.
திரும்புவதற்கும் ஒரு முறை இருக்கிறதாம்,
அது நாற்பத்திரண்டாம் நாள் பாடம்.
ஆகவே தோணிகள் குறுக்கிடும் இடத்தில் நிறுத்தி
வெறும் மனிசனாய்க் கை வீசி
வந்த வழியே நடப்பேன்.

"அண்ணை, காத்தோட என்ன கோவம்?"
கரைவலைக் கயிற்றிலிருந்து மரியநேசன் கேட்பான்.
அவர்கள் பதினாறு பேர்
கடலைப் பார்த்தபடி பின்னால் பின்னால் நடப்பவர்கள்.
நான் முன்னால் முன்னால்.
காலையில் ஒருவரையொருவர் கடப்போம்
எதிர் எதிர் ரயில்கள் போல.

இன்று ஆள் குறைவு.
"சும்மா வெட்டாம வந்து பிடியுங்கோ."
பிடித்தேன்.
உப்பேறிய கயிறு, உள்ளங்கையில் அரம்.
குதிகால் பின்னே மண்ணில் புதைய
அதே நொடியில் கை இழுபட,
இடுப்பில் ஏதோ மூடிக்கொண்டது,
பெட்டி பூட்டுகிற மாதிரி.
டப்.
ஒரு சத்தம்தான்.

யாரும் கவனிக்கவில்லை.
மடி கரைக்கு வந்தது: சூடை, கொஞ்சம் காரல்,
ஒரு பிளாஸ்டிக் செருப்பு.
மரியநேசன் என் பங்கைச் சாரத்தில் கொட்டினான்.

மீனை சைக்கிளில் தொங்கவிட்டுத் திரும்ப வந்து
பழைய இடத்தில் நின்று
மறுபடி முட்டியை ஏற்றினேன், கவிழ்த்தேன்.
டப். டப்.

பரவாயில்லை.
மூச்சு வாங்க உட்கார்ந்து பார்த்தால்
காலையில் வைத்த கால் அத்தனையும் மணலில் இருக்கிறது,
முன்கால் ஆழம், பின்கால் இழுபட்ட கோடு.
கை போன இடம் ஒன்றுகூட இல்லை.
காகமொன்று தடத்துக்குத் தடம் தாவி வருகிறது
சாரத்து மீனைக் குறிவைத்து.